அண்ணனுக்குத் தம்பியின் ஜாதகம்

கேள்வி: 2021-இல் பதிவான டாடா நெக்ஸான் மின்சாரக் காரை விலை பேசியிருக்கிறேன். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் 437 கிலோமீட்டர் ஓடும் என்கிறார் விற்பவர். நம்பி முன்பணம் கொடுக்கலாமா?
– ஏலத்தோட்டக்காரர், பொட்டிபுரம்.

பதில்: நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமத்தில் வாசம் செய்யும் தங்களுக்கு, கண்ணுக்குப் புலப்படாததை நிரூபிப்பது எத்துணைச் சிரமம் என்பதை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. 2020-இல் வந்த முதல் மின்சார நெக்ஸானுக்கு 30.2 யூனிட் பாட்டரியும், ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைக் கணக்கில் 312 கிலோமீட்டருமே பிராப்தம். 437 என்பதோ 2022-இல் ஜனித்த, 40.5 யூனிட் கொண்ட ‘மாக்ஸ்’ என்னும் இளையவருக்கு உரியது. ஆகவே 2021-ஆம் வருஷத்து ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு 437 என்று பிரசங்கம் செய்கிறவர், தம்பியின் ஜாதகத்தைக் காட்டி அண்ணனுக்குப் பெண் கேட்கிறார். சந்தேகமிருப்பின் சற்றே குனிந்து பின்சக்கரத்தைப் பாருங்கள்: டிஸ்க் பிரேக் என்றால் மாக்ஸ், டிரம் என்றால் மூத்தவர்.

பாட்டரியின் தற்போதைய ஆரோக்கியத்தைச் சர்வீஸ் சென்டரில் பரிசோதித்து, எட்டு வருஷ வாரண்டியில் மிச்சம் எவ்வளவு, அது தங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுங்கள். பின்னர், முழுச் சார்ஜுடன், விற்பவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் போடிமெட்டுக்கு ஏறுங்கள். அந்த உயரத்துக்குக் காரைத் தூக்குவதற்கு மட்டுமே ஐந்து யூனிட் அளவில் செலவாகுமாதலால், வளைவுக்கு வளைவு கிலோமீட்டர் கணக்கு இறங்கும். கூடவே விலையும் இறங்கும்.