அக்காவுக்கு ஒரு விருப்ப மனு

அடுத்த தேர்தலில் நீலகிரியில் எங்கள் கூடலூர் தொகுதிக்கு யாரை நிறுத்துவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். கட்சிகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. வேட்பாளரை அவர்கள் சென்னையில் முடிவு செய்வார்கள். நான் நெல்லியாளத்தில் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்வேன். பிறகு ஒரு நாள் அவர் ஜீப்பில் நின்று கும்பிட்டபடியே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தைக் கடந்து போவார். பெண் பார்க்கும் படலமே கிடையாது, நேராக முகூர்த்தம்.

அமெரிக்காவில் அப்படி இல்லையாம். ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதற்கே அங்கே கட்சிக்குள் ஒரு தேர்தல் நடத்துகிறார்கள். அயோவா என்ற மாநிலத்தில் 2020 வரை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பள்ளிக்கூட ஹாலில் கூடி, இன்னாருக்கு இந்த மூலை என்று பிரித்து, அவரவர் மூலையில் போய் நிற்பார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர்கூடச் சேராத மூலையைக் கலைத்துவிடுவார்கள். கலைந்தவர்களைப் பக்கத்து மூலைக்காரர்கள் வந்து கையைப் பிடித்து இழுக்கலாம். 2020-இல் இப்படி நின்று, எண்ணி, முடிவை ஒரு செயலியில் அனுப்பப் போக, செயலி மக்கர் பண்ணி முடிவு வரவே நாள்கணக்கானது.

இதை எங்கள் ஊரில், கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் நடத்திப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். ஜூலையில் நடத்தினால் கொட்டகையின் வடக்கு மூலை ஒழுகும். அந்த மூலை யாருக்கு ஒதுக்கப்படுகிறதோ அவர் காலி. மேலும், எங்கள் ஆட்கள் முதலில் சம்பந்தி எந்த மூலையில் நிற்கிறார் என்று பார்ப்பார்கள். பேச்சுவார்த்தை இருந்தால் அந்த மூலை, இல்லாவிட்டால் எதிர் மூலை. கொள்கை என்ற சங்கதி அதற்குப் பிறகுதான்.

சரி, அமெரிக்கா தூரம். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் மச்சான் கதையைக் கேளுங்கள்.

மச்சான் வீடு அங்கேயே தங்கிவிட்ட வீடு. எங்களுடையது திரும்பி வந்த வீடு. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: தோட்டத் தமிழரில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில்தான் நாங்கள் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைப் பார்த்து, கடைசியில் பந்தலூர் மழைக்கு வந்து சேர்ந்தோம். எங்களைப் போன்றவர்களுக்காகவே அரசு 1968-இல் தேயிலை நட ஆரம்பித்திருந்தது. அதுதான் இன்றைய டான்டீ.

என் தாத்தா 1947-இல் இலங்கையில் ஓட்டுப் போட்டவர். தோட்டத் தமிழர் ஓட்டில் இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். மறுவருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதற்கு அடுத்த வருடம் ஓட்டும் போனது. “ஓட்ட கொஞ்சம் மெதுவா போட்டிருக்கணும்டா, ரொம்ப அழுத்திப் போட்டுட்டோம்” என்பார். சாகும்வரை அந்த ஒரு நகைச்சுவைதான் அவரிடம் இருந்தது. யாரும் சிரித்ததில்லை.

மச்சானுக்கு இப்போது ஓட்டு உண்டு. உண்டு என்பதோடு போகவில்லை, மூன்று வைத்திருக்கிறார். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்குப் புள்ளடி போட்டுவிட்டும் வரலாம். அல்லது 1, 2, 3 என்று விருப்ப வரிசையும் போடலாம். 2024 செப்டம்பர் 21 தேர்தலுக்கு 39 பேர் மனுப் போட்டு, ஒருவர் இறந்துபோக, 38 பேர் களத்தில். அன்று ராத்திரி மச்சான் வாட்ஸ்அப்பில் அழைத்து, யாருக்குப் போட்டேன் என்று ஒரு மணிநேரம் விளக்கினார். நான் கேட்கவே இல்லை.

“முதலாவது மனசுக்கு. ரெண்டாவது சம்பளத்துக்கு. மூணாவது சங்கத்துத் தலைவர் சொன்னாருன்னு.”

மனசுக்கு என்றால், மலையகத்திலிருந்தே நின்ற மயில்வாகனம் திலகராஜ். ஜெயிக்க மாட்டார் என்று மச்சானுக்குத் தெரியும். வாக்குச்சீட்டில் நம்ம பெயர் ஒன்று இருக்கிறதே, அதை வெறுமனே விட்டு வர மனசு வரவில்லை என்றார். சம்பளத்துக்கு என்றால் சஜித் பிரேமதாச. 1,700 ரூபாய் நாள் சம்பளம் வருது வருது என்று அந்த வருடம் முழுக்க எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததில், இவர் சொன்னதைத்தான் மச்சான் கொஞ்சம் நம்பினார். மூன்றாவது அப்போதைய ஜனாதிபதி ரணில், தொண்டமான் சங்கத்துக்கு மரியாதையாக.

எண்ணிப் பார்த்தால் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம், சஜித்துக்கு 32.76. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. 1982-இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்ததிலிருந்து ஒருமுறைகூட நடக்காத காரியம் அன்று நடந்தது: இரண்டாவது விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். மச்சான் மறுபடி அழைத்தார். “கேட்டியா? என் ஓட்ட ரெண்டு தடவ எண்ணியிருக்கானுங்க!”

அவர் ஓட்டுப் போட்ட மூவருமே தோற்றிருந்தார்கள். ஆனால் குரலில் இருந்த மிதப்பைப் பார்க்க வேண்டுமே. என் ஓட்டு ஒருமுறை ‘பீப்’ என்று கத்துவதோடு சரி. அன்றுதான் தீர்மானித்தேன், என் விருப்பத்தையும் நான்கு பேருக்குத் தெரியப்படுத்துவது என்று.

நம் ஊரில் அதற்கு வழி இல்லாமல் இல்லை. விருப்ப மனு. தேர்தலுக்கு முன் கட்சி ஆபீஸில் பணம் கட்டி, எனக்கு இந்தத் தொகுதி வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வில் பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாய். பெண்களுக்கும் தனித் தொகுதிக்கும் 15,000. அ.தி.மு.க.வில் எல்லோருக்கும் 15,000. இதில் எனக்குப் பிடித்த அம்சம், நம் பெயரில்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. தலைவர் எங்கள் தொகுதியில் நிற்க வேண்டும் என்று தொண்டர்கள் தலைவர் பெயரிலேயே பணம் கட்டுவது நாம் பார்த்துப் பழகியது. அப்படியானால் வாக்காளன் தனக்குப் பிடித்தவர் பெயரில் கட்டினால் என்ன? அயோவாக்காரன் சும்மா மூலையில் நின்று சொன்னதை நாம் ரசீது வாங்கிக்கொண்டு சொல்கிறோம், அவ்வளவுதானே.

இனி யார் பெயரில் கட்டுவது என்பது. அதற்கு எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நெல்லியாளம் ஒரு நகராட்சி. அதை நம்பி நகரத்தைத் தேடி வராதீர்கள். பந்தலூர் பஜாரும் தேவாலாவும் நகராட்சிக்குள் வந்துவிடும். மற்றபடி தேயிலை, அதற்குள் லயம், அதற்குள் நாங்கள். வாக்குறுதி கேட்பதில் எங்களுக்கு நூற்றைம்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட அனுபவம் உண்டு. 1880 வாக்கில் தேவாலா மண்ணில் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் மூழ்கியது. தோண்டிய குழிகள் இன்னும் இருக்கின்றன. தேர்தல் அறிக்கை படிக்கும்போது எனக்கு அந்தக் குழிகள் ஞாபகம் வரும்.

இங்கே நிற்பவருக்கு முதலில் ‘பதினேழு’ என்றால் என்னவென்று தெரிய வேண்டும். ஜென்ம நிலங்களை எடுத்துக்கொள்ள 1969-இல் போட்ட சட்டத்தின் 17-வது பிரிவு அது. அந்தப் பிரிவில் மாட்டிய நிலத்தில் வீடு இருக்கும், வாழை இருக்கும், மூன்று தலைமுறை இருக்கும். பட்டா மட்டும் இருக்காது. ஒருமுறை ஒரு வேட்பாளரிடம் நான் “பதினேழுக்கு என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, “பதினேழாவது வார்டு நம்மகிட்டதானே?” என்றார்.

ராத்திரி நெஞ்சுவலி வந்தால் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்றும் தெரிய வேண்டும். மாவட்டத் தலைநகரம் ஊட்டிதான். ஆனால் அது மலைமேல் எழுபது கிலோமீட்டர். உயிர்மேல் ஆசை உள்ளவன் கேரளாவில் சுல்தான் பத்தேரிக்குப் போவான். எம்.பி. தேர்தலில் இது இன்னும் சிக்கல். நீலகிரி மக்களவைத் தொகுதியில் சமவெளியின் அவிநாசி, மேட்டுப்பாளையம், பவானிசாகரும் சேர்த்தி. அங்கே சித்திரை வெயிலில் வெந்துவிட்டு இங்கே ஏறுபவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இறங்குவார். பந்தலூரில் சித்திரையில் ஸ்வெட்டர் போட்டவரைக் கண்டால் வெளியூர் என்று குழந்தைகூடச் சொல்லும்.

மாவட்டத்துக்காரர்கள் மனசு எப்படிப்பட்டது என்பதற்கு 2014 ஒரு சாட்சி. அந்தத் தேர்தலில் நீலகிரியில் பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியாகிவிட்டது. நோட்டாவுக்கு விழுந்த ஓட்டு 46,559. அந்தத் தேர்தலில் இந்தியாவிலேயே அதிகம். ஜீப்பில் வராமல், கும்பிடாமல், ஒரு போஸ்டர்கூட ஒட்டாமல் வாங்கிய ஓட்டு!

வீடு வீடாக வருவதைத் தகுதியாக வைத்தால், 2022-இல் எங்களிடம் ஒருவர் இருந்தார். வனத்துறை வைத்த பெயர் பி.எம்.-2, பந்தலூர் மக்னா. ஜனங்கள் வைத்தது அரிசி ராஜா. எந்த வீட்டில் ரேஷன் அரிசி எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்று வட்ட வழங்கல் அலுவலகத்துக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். டிசம்பரில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி முதுமலையில் விட்டார்கள். ஜனவரியில் நடந்தே போய் சுல்தான் பத்தேரி டவுனில் ராத்திரி உலா வந்தார். கேரளாக்காரர்கள் பிடித்து முத்தங்கா முகாமில் அடைத்தார்கள். வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, நவம்பரில் ஒரு பெண்ணின் உயிர் போனது அந்த யானையால்தான். அதற்குப் பிறகு அரிசி ராஜா ஜோக் எங்கள் பக்கம் எடுபடுவதில்லை.

என் வேட்பாளர் எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டு அக்கா. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பெயர் போட்டால் என்னை உதைப்பார். அவரிடம் ஒரு மஞ்சள் பை உண்டு. பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் கவர். இலங்கையில் கொடுத்த பாஸ்போர்ட், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, ரேஷன் கார்டு, லேமினேட் பண்ணிய சாதிச் சான்றிதழ், இருபது வருடத்துக் கரண்டு பில் என்று அடுக்கு கலையாமல் இருக்கும். யானை வந்து சமையல்கட்டுச் சுவரைத் தள்ளிய ராத்திரி அக்கா முதலில் தூக்கியது இந்தப் பையை, அப்புறம்தான் பேத்தியை. “பேத்தி ஓடும் தம்பி, பையி ஓடுமா?” என்றார்.

ஒருதரம் நான் முதியோர் உதவித்தொகை விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் பெரியவர் ஒருவருக்குத் துணையாகப் போய், நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று அலைக்கழிந்துகொண்டிருந்தேன். அக்காவை அழைத்துப் போனேன். அவர் சத்தம் போடவில்லை, கெஞ்சவில்லை. எழுத்தரின் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, பையைத் திறந்து, ஒவ்வொரு காகிதமாக எடுத்துத் துடைத்து, மடிப்பு நீவி, பக்கத்தில் அடுக்க ஆரம்பித்தார். முக்கால்வாசி பெஞ்ச் நிறைந்தபோது எழுத்தர், “அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?” என்றார். “எனக்கு ஒண்ணும் வேணாம் சாமி. இவுங்கள நாளைக்கு வரச் சொன்னீங்களாம். நாளைக்கு வரைக்கும் உக்காந்திருக்கோம்.” மத்தியானத்துக்குள் கையெழுத்து ஆகிவிட்டது.

கூடலூர் தனித் தொகுதி. அக்காவுக்கு அந்தத் தகுதி லேமினேட் செய்து தயாராக இருக்கிறது. தமிழ் போக மலையாளம் பேசுவார். பணியர் பழங்குடியினரின் பாடிக்குப் போனால் அவர்கள் பேச்சும் கொஞ்சம் வரும். 2021-இல் இந்தத் தொகுதியில் வெற்றி வித்தியாசமே 1,945 ஓட்டுதான். அக்கா இறங்கி நாலு டிவிஷன் நடந்தால் அது ஒரு பொருட்டா?

விஷயத்தைச் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார்.

“எம்.எல்.ஏ. ஆனா பென்ஷன வெட்டிருவானா?”

“வேற பென்ஷன் தருவாங்கக்கா.”

“லயத்த காலி பண்ணச் சொல்லுவானா?”

“இப்பவும் அதத்தானே சொல்றாங்க.”

“டெபாசிட்டு?”

“உங்களுக்கு ஐயாயிரம். ஆறுல ஒரு பங்குக்கு மேல ஓட்டு வாங்கினா திருப்பித் தருவாங்க.”

“ரசீது தருவானா?”

“தருவாங்க.”

“அப்ப பைய எடு” என்றார்.

கட்சி எது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, எது முதலில் மனு வாங்குகிறதோ அது. நேர்காணலில் எவ்வளவு செலவு செய்வீர்கள் என்று கேட்பார்களாம். எதிரே பெஞ்ச் ஒன்று போட்டுவைத்தால் போதும், மீதியை அக்கா பார்த்துக்கொள்வார்.

குறைவது விருப்ப மனுவுக்கான பணம்தான். பழைய கணக்கில் பார்த்தாலே பதினைந்தாயிரம். என்னிடம் மூவாயிரத்துச் சொச்சம் இருக்கிறது. ஹட்டன் மச்சான் இலங்கைக் காசில் ஐயாயிரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதை மாற்றினால் இங்கே பஸ்ஸுக்குத்தான் ஆகும். வாசகர்கள் மனமுவந்து கொடுக்கலாம். பணம் திரும்பாது, ரசீது உண்டு. அது அக்காவின் பையில் பத்திரமாக இருக்கும்.