கரையேறிய சீஃப்

கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமர்ந்துகொண்டு, எந்தத் திசையில் புறப்பட்டாலும் உப்புக் காற்றை முகரச் சுமார் 300 கிலோமீட்டராவது பிரயாணம் செய்தாக வேண்டிய பெங்களூரில், கப்பல் உத்தியோகஸ்தர் என்றொரு வர்க்கத்தினர் குடியும் குடித்தனமுமாக வாழ்கிறார்கள் என்பது பூகோள சாஸ்திரத்துக்கு விரோதமான செய்தியாகத் தோன்றலாம். ஆனால் மனிதன் வீடு கட்டும்போது உத்தியோக ஸ்தலத்தைவிட மாமியார் வீட்டின் சமீபத்தையே முக்கியமாகக் கருதுகிறான் என்பதை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், தமிழ்ச் சங்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நான் குடியிருப்பதனால், இவ்வர்க்கத்தின் சகல லட்சணங்களும் பொருந்திய ஒருவரை அவர் கரையேறும்போதெல்லாம் அவதானிக்கும் பாக்கியம் பெற்றிருக்கிறேன். சரக்குப் பெட்டிகளை மலையாக ஏற்றிச் செல்லும் கப்பலொன்றின் சீஃப் இன்ஜினியர் அவர். 60,000 குதிரைத்திறன் கொண்ட யந்திரம் அவருக்கு அடக்கம். செகண்ட், தேர்டு, ஃபோர்த் என்று வரிசையாக இன்ஜினியர்களும், அவர்களுக்கும் கீழே ஆயிலரும் வைப்பரும் ‘சீஃப் சாப்’ என்று வாய்பொத்தி நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து வந்து வாசலில் பெட்டியை இறக்கியதும், எதிர்வீட்டுக்காரரும் பால்காரரும் இஸ்திரி வண்டிக்காரரும் ஒருவர் பின் ஒருவராகக் கேட்பது இதைத்தான்: “எப்ப வந்தீங்க சார்? திரும்ப எப்ப போறீங்க?” முதல் கேள்வி மரியாதைக்காகக் கேட்கப்படுவது, அதற்குப் பதில் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பவர் எவருமில்லை.

சாதாரண கிருகஸ்தர்கள் சுபகாரியத்துக்கு நாள் குறிக்கப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார்கள். கப்பல்காரர் வீட்டிலோ, மும்பை ஆபீசில் உட்கார்ந்து கப்பலுக்குக் கப்பல் ஆள் அனுப்பும் முகமறியாத மனிதரே ஜோதிஷர். தம் இடத்துக்கு ரிலீவர் என்னும் மாற்றாள் வராமல் கப்பல்காரர் இறங்க முடியாதாதலால், ‘ரிலீவர் கிளம்பியாச்சு’ என்ற மகாவாக்கியம் அவர் வாயிலிருந்து பிறக்கும் வரையில் எந்தக் கிரகம் எந்த வீட்டில் இருந்தும் பிரயோசனமில்லை. ரிலீவருக்கு விசா வரவில்லை, ரிலீவருக்கு மஞ்சள் காமாலை, ரிலீவரின் மனைவிக்கு இது மாதம் என்று ஒவ்வொரு தகவலாக வர வர, கண்ணால் கண்டிராத அந்தப் புண்ணியவானின் தேக சௌக்கியத்தை உத்தேசித்து அல்சூர் சோமேசுவரருக்கு இவ்வீட்டார் அர்ச்சனை செய்வித்ததை நானே அறிவேன். 2020-இல் பெருந்தொற்றின் காரணமாகத் துறைமுகங்கள் கதவடைத்து, உலகெங்கும் சுமார் 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலைவிட்டு இறங்க வழியில்லாமல் தவித்த காலத்தில், இவருடைய மகளின் அரங்கேற்றம் அப்பாவின் வரவுக்காகக் காத்துக் காத்து, கடைசியில் நாட்டிய உடைக்குப் புதிதாக அளவெடுக்க நேர்ந்தது.

வந்தவரையாவது இஷ்டப்படி இருக்க விடுகிறார்களா என்றால், அதற்கு ஆடிட்டர் குறுக்கே நிற்கிறார். நிதியாண்டொன்றில் 182 நாட்கள் தாய்நாட்டில் தங்கிவிட்டால் வெளிநாட்டுவாசி என்ற அந்தஸ்து போய், சம்பாத்தியத்துக்கு வருமானவரி வந்து சேருமாதலால், “இன்னும் பத்து நாள் இருங்கப்பா” என்று மகள் கண்கலங்குகிற சமயத்திலும் தந்தையின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் நாள் எண்ணிக்கொண்டிருக்கும். பாசத்துக்கு உச்சவரம்பு கட்டிய சட்டம் வேறெந்தத் தொழிலுக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

மெக்சிகோவின் பசிபிக் கரையிலுள்ள மன்சானியோவுக்கு இவர் கப்பல் அடிக்கடி போவதுண்டு. அந்தத் தேசம் எப்படி என்று கேட்டால் கிரேனுக்கு அடித்திருக்கும் வர்ணத்தைச் சொல்லுவார். கப்பல் நிற்கும் சொற்ப நேரமும் யந்திர அறையிலேயே கழிந்துவிடுவதால் அதற்குமேல் அவருக்குத் தெரியாது. அக்கரையோரம் பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு, பென்ஷன் வாங்கும் அமெரிக்க, கனடியத் தம்பதிகள் கலிபோர்னியா வளைகுடாவில் யதேச்சையாகச் சஞ்சரிப்பதைப் பற்றி மாத்திரம் கொஞ்சம் பொறாமையோடு பேசுவார். மே மத்தியிலிருந்து நவம்பர் முடிய அங்கே சூறாவளிக் காலம். அவர்களில் பலர் படகைக் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டுப் பேரன் பேத்திகளைப் பார்க்க ஊருக்குப் போய்விடுவார்களாம். “அவனுக்குப் புயல் வந்தா லீவு. எனக்குப் புயல் வந்தா ராத்தூக்கமும் கிடையாது” என்பார்.

அத்துறைமுகத்திலிருந்து அவர் கொணர்ந்த ஒரே பொருள் ஒரு பொட்டலம் உலர்ந்த மிளகாய். மாமியார் அம்மாள் ஒன்றை முறித்து, முகர்ந்து, நாவில் வைத்துவிட்டு, “ஏன் மாப்பிள்ளை, இதுக்கு நம்ம பியாடகி மிளகாயே தேவலையே, கலராவது வரும்” என்று தீர்ப்பளித்தார். மிளகாய் என்பதே மெக்சிகோவில் பிறந்து, சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் போர்த்துகீசியக் கப்பல்களில் நம் நாட்டுக்கு வந்த சரக்குதான். அதை முதன்முதலில் கொண்டுவந்தவனையும் அவனுடைய மாமியார் இப்படித்தான் வரவேற்றிருப்பாள் என்பது என் ஊகம்.

முதல் வாரம் அவர் விருந்தாளி. கேட்காமலே காப்பி வரும். இரண்டாம் வாரத்தில் உள்ளே உறங்கும் சீஃப் விழித்துக்கொள்கிறார். விடியற்காலையில் டார்ச்சும் கையுமாகப் புறப்பட்டு, காஸ் சிலிண்டர், மோட்டார், யுபிஎஸ் பாட்டரி யாவற்றையும் தொட்டும் தட்டியும் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைச் சத்தம் சரியில்லை என்று கழற்றிப்போட்டு, தேங்காய்ச் சட்னி இல்லாத இட்லிக்குக் குடும்பத்தைப் பழக்குவார்.

ஆனால் அவருடைய மேதாவிலாசம் பூரணமாகப் பிரகாசித்தது சம்ப் விஷயத்திலேதான். கடலுக்குப் போக வேண்டிய காவேரியைச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றி ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் விடும் இவ்வூரில், வாசலுக்கடியிலுள்ள சம்ப் தொட்டியே குடும்பத்தின் ஜீவநாடி. கப்பலில் எண்ணெய்த் தொட்டிக்குச் செய்வதுபோலவே, நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் அளவுநாடாவை அதனுள் இறக்கி, ஈரம் ஏறிய இடத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசித்து, ‘சவுண்டிங்’ என்னும் அந்த அளவைத் தேதியிட்டு நோட்டில் எழுதலானார். இந்நிலையில் ஒருநாள் காவேரி வரவில்லை. 12,000 லிட்டர் என்று எழுதிய லாரி வந்தது.

கப்பலுக்கு எண்ணெய் விற்பவர்களில் சிலர், எண்ணெய்க்குள் காற்றைச் செலுத்தி நுரைக்கவைத்து, அளவைக் கூட்டிக் காட்டுவதுண்டு. கப்பல்காரர் பாஷையில் அதற்குக் கப்புச்சினோ என்று பெயர். அந்த வித்தையையே பிடித்துப் பழகியவரிடம் ஒரு தண்ணீர் லாரி தப்புமா? குழாயை இறக்குமுன் ஒரு சவுண்டிங், எடுத்தபின் ஒரு சவுண்டிங், சம்ப்பின் நீள அகலத்தால் பெருக்கல். இரண்டாயிரத்துச் சொச்சம் லிட்டர் குறைகிறது என்று எழுதி, டிரைவரிடம் கையெழுத்துக் கேட்டார். டிரைவர் நோட்டைப் பார்த்தான், குண்டைப் பார்த்தான், பிறகு மிகுந்த பணிவுடன், “சார், நீவு வாபஸ் யாவாக ஹோக்தீரா?” என்று தெருவார் கேட்கும் அதே கேள்வியைக் கன்னடத்தில் கேட்டான்.

அதற்கப்புறம் எங்கள் தெருப்பக்கம் நான்கு நாள் எந்த லாரியும் எட்டிப்பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் அவருடைய சகதர்மிணி, அளவு நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, யாருக்கோ இரண்டே நிமிஷம் போன் பேசினாள். அந்தி சாய்வதற்குள் லாரி வந்தது. கப்பலுக்கு ஒரு சீஃப் என்றால் வீட்டுக்கும் ஒருவர் உண்டு என்பதும், அவருக்கு ரிலீவர் கிடையாது என்பதும் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் அடிக்கடி வெளியூர் போய்விடுகிறார்.

இப்போது அவர் பசிபிக்கில் இருக்கிறார். கப்பலிலும் இணையம் வந்துவிட்டபடியால், “இன்னைக்குச் சவுண்டிங் எவ்வளவு?” என்று தினமும் காலையில் கேள்வி வருகிறது. அந்த அம்மாள் அடுப்படியை விட்டு நகராமல் நூற்று நாற்பது சென்டிமீட்டர் என்று பதில் போடுகிறாள். “நேத்தும் நூத்தி நாப்பதுதானே சொன்னே?” என்று ஒருநாள் சந்தேகம் கேட்டிருக்கிறார். “ஆமா, ராத்திரி காவேரி வந்துச்சு” என்று எழுதிவிட்டுச் சட்னிக்குத் தேங்காய் துருவப் போய்விட்டாளாம்.