கடுகு போட்ட ஸ்ட்ரோகனாஃப்

மஷ்ரூம் ஸ்ட்ரோகனாஃப் செய்யப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்ததோடு நிறுத்தியிருக்கலாம். பெருமைக்கு அதன் பூர்வீகத்தையும் அவிழ்த்துவிட்டேன். ரஷ்யப் பதார்த்தம், யெலேனா மொலொகோவெட்ஸ் என்ற அம்மையார் தம் சமையல் புத்தகத்தின் 1871ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுதியிருக்கிறார், மாட்டிறைச்சி, கடுகு விழுது, புளிப்பு கிரீம். காளானும் வெங்காயமும் அதில் கிடையாது, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

"மாட்டை எடுத்துட்டா அப்புறம் என்னடா இருக்கு?" என்றார் அம்மா.

"காளான் இருக்கே."

"அதுதான் அதுல இல்லைன்னியே."

பதில் சொல்லாமல் அடுப்பைப் பற்றவைத்தேன். பட்டன் காளானில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். வாணலி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, சும்மா சும்மா கிளறக் கூடாது, உப்பு கடைசியில்தான். அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இருந்த காளானை எல்லாம் சின்ன வாணலியில் கொட்டி, கை சும்மா இராமல் உப்பையும் தூவி, விடாமல் கிளறினேன். துண்டுகள் சுருங்கச் சுருங்கச் சாம்பல் நிறத் தண்ணீர் மேலேறியது. வதங்க வேண்டியது வெந்துகொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "ரசமா?" என்றார்.

தண்ணீர் வற்றும்வரை வாயையாவது மூடிக்கொண்டிருந்தேனா? காளான் எவ்வளவு கொதித்தாலும் குழையாது, அதன் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது என்று விளக்கினேன். இறால் ஓட்டில் இருப்பதும் அதேதான் என்று கூடுதல் தகவலும் கொடுத்தேன். காளான் சைவம்தானா என்று ஏற்கெனவே சந்தேகத்தில் இருந்த அத்தை, "எனக்குத் தயிர் சோறு போதும்ப்பா" என்று எழுந்துவிட்டார். வீட்டுத் தயிர் முழுவதையும் புளிப்பு கிரீமுக்காக நான் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்ததைச் சொல்லும் தைரியம் வரவில்லை.

அந்தத் தயிரைத்தான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்று, தளதளவெனக் கொதிக்கும் வாணலியில் போட்டேன். புளிப்பு கிரீமில் கொழுப்பு அதிகம், கொஞ்சம் சூடு தாங்கும். தயிருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. புரதம் சுருண்டு தண்ணீரைப் பிரித்துவிடும். ஒரு கரண்டி மாவு கரைத்து, தீயைக் குறைத்து விட்டிருந்தால் நின்றிருக்கும். மோர்க்குழம்பு வைக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இதை ரஷ்யாவிலிருந்து வந்தா சொல்ல வேண்டும்? வெள்ளை வெள்ளையாகத் திப்பி மிதந்தது.

அம்மா என்னைக் கரண்டியோடு நகர்த்தினார். தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்தார். கடலை மாவு கரைத்து விட்டார். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினார்.

"1871லயும் கடுகு உண்டும்மா."

"தட்டை எடுத்து வை."

வாசனைக்கு அத்தை திரும்பி வந்தார். காளானை ஒன்றுவிடாமல் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, குழம்பை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார்.