இனயத்துக் காப்பிக்கொட்டையின் காலநிர்ணயம்: ஒரு மறுஆய்வு

முன்னாய்வுகள்

தமிழில் காப்பி ஆராய்ச்சி புதிதன்று. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ 2000இல் நம் நாகர்கோவிலிலிருந்தே வெளிவந்தது. அந்தக் காலத்தில் காப்பி இல்லை என்பது ஐயமற நிறுவப்பட்டுவிட்டதால், இந்தக் காலத்தில், அதுவும் இனயத்தில், நல்ல காப்பி உண்டா என்ற வினாவே எஞ்சி நிற்கிறது. முன்னாய்வாளர் எவரும் இதைத் தொடவில்லை. அவர்களுக்குத் தெருமுனையிலேயே நல்ல காப்பி கிடைத்தது காரணமாகலாம்.

ஆய்வுக்களம்

கருங்கல்லுக்குத் தெற்கே அரபிக்கடலை ஒட்டிக் கிடக்கும் மீனவ ஊர் இனயம், திணை நெய்தல். காப்பி மலைப்பயிர், திணை குறிஞ்சி. ஆகவே இவ்வூரில் ஒருவர் காப்பி குடிப்பது திணைமயக்கம். தொல்காப்பியர் திணைமயக்கத்தை விலக்கவில்லை. கூரியர் கட்டணம் பற்றித்தான் அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

குறிஞ்சி நமக்குத் தூரமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நம் தலைக்கு மேலுள்ள அசம்பு மலையிலேயே வெள்ளைக்காரத் துரைமார் காப்பித் தோட்டம் போட்டார்கள். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் தென்னிந்திய மலைகளிலும் ஏறியது, தோட்டங்கள் அழிந்தன. இன்று அந்தப் பக்கம் ரப்பரும் கிராம்பும். ரப்பர்க்கொட்டையை வறுத்துக் குடிக்கலாமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஓர் இடைக்குறிப்பு: 2016இல் மத்திய அமைச்சரவை இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்கக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. கடற்கரை ஊர்கள் எதிர்த்து எழுந்தன, துறைமுகம் வரவில்லை. எனவே காப்பிக்கொட்டை இவ்வூருக்குக் கப்பலில் வந்தது என்னும் கருதுகோளைப் பிற்கால ஆய்வாளர் எவரும் முன்வைக்க வேண்டாம். அது கருங்கல் வழியாகக் கூரியர் தம்பியின் பைக்கில் வந்தது.

உடனடித் தூள்

பேசுவதற்கில்லை.

சுக்குக்காப்பி, கருப்பட்டிக்காப்பி

முன்னது மருத்துவத்துறைக்கு மாற்றப்பட்டது. பின்னதைத் தொட்டால் பனையைத் தொடவேண்டும். பனையைத் தொட்ட குமரி மாவட்ட ஆய்வாளர் எவரும் ஐந்நூறு பக்கத்துக்குள் கரையேறியதில்லை.

இடைச்செருகல்

கடையில் வாங்கும் தூளில் மூலபாடம் காப்பி, இடைச்செருகல் சிக்கரி. கலவைத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிடவும் வேண்டும். (சில பதிப்பாசிரியர்கள் பழம்பாடல்களில் இதைவிடக் கூடுதலாகவே இடைச்செருகல் கண்டிருக்கிறார்கள், அவர்களை எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தவில்லை.) சோதனை எளிது. ஒரு கண்ணாடித் தம்ளர் பச்சைத் தண்ணீரில் தூளைத் தூவினால் காப்பி மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். மூலபாட ஆய்வில் இப்படி ஒரு தம்ளர் இல்லாமல் போனது தமிழுக்குப் பேரிழப்பு.

காலநிர்ணயம்

இனி மையச் சிக்கல். பொட்டலத்தில் அடைத்த நாள் இருக்கிறது, எதற்குள் தீர்க்கவேண்டும் என்ற நாள் இருக்கிறது. வறுத்த நாள் பெரும்பாலும் இருப்பதில்லை. இவ்விடத்தில் அறிஞருலகம் இரண்டாகப் பிளக்கிறது.

முற்காலக் கொள்கையினர், கொட்டை அடைத்த நாளுக்கு நெடுநாள் முன்பே வறுக்கப்பட்டது என்பர். பிற்காலக் கொள்கையினர், வறுத்த சூட்டோடு அடைத்தார்கள் என்பர். இவர்களுள் விற்பனையாளர் மிகுதி. ஒரு நூலை ஐந்நூறு ஆண்டு முன்னே தள்ளவும் பின்னே இழுக்கவும் அஞ்சாத நம் பேராசிரியர்கள், ஒரு பொட்டலத்தை ஐந்து வாரம் தள்ளத் தயங்குவது ஏன் என்பது விளங்கவில்லை. ஊர்ப்பெருமையோ சாதிப்பெருமையோ இதில் சிக்காதது காரணமாகலாம்.

அகச்சான்றுகளுக்கு வருவோம். வறுத்த கொட்டை சில நாள் வரை கரியமிலவாயுவைக் கக்கும். அதற்காகத்தான் நல்ல உறையில் காற்று வெளியே மட்டும் போகும்படி ஒரு சிறு வால்வு வைக்கிறார்கள். புதுக்கொட்டையை அரைத்து ஃபில்டரில் வெந்நீர் விட்டால் தூள் நுரைத்து எழும்பும். பழையது தேமே என்று நனையும். எண்ணெய்ப் பளபளப்பைப் பழமைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. கறுக்க வறுத்த கொட்டையில் அது முதல் வாரமே கசியும் என்பதால் அச்சான்று செல்லாது.

இந்நிலையில் ஆய்வாளர் தம் மாமியை (அப்பாவின் தங்கை, மீன் வியாபாரத்தில் முதுபெரும் அறிஞர்) அணுகினார். மாமி பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது: “வறுத்தது எப்பண்ணு கேக்காம ரூவாயை எண்ணிக் குடுத்தியா மக்கா?” (மாமி, வாய்மொழி, கடப்புறம், ஏலம் முடிந்தபின்.) ஆய்வாளர் வால்வுக் கோட்பாட்டை விளக்க, “அயிலைக்கு வால்வு வச்சா வாங்குவியா?” என்று மறுத்தார் (மேலது, உரத்த குரலில்). முற்காலக் கொள்கைக்கும் பிற்காலக் கொள்கைக்கும் சமரசம் உண்டா என்ற வினாவுக்கு விடை கிடைக்கவில்லை (மேலது, அப்போது சூரை துண்டுபோட்டுக்கொண்டிருந்தார், கத்தி நிற்கவில்லை, உடனிருந்த இரு பெண்கள் சிரித்தனர், அவர்களுள் மூத்தவர் சிரித்தது பாடபேதமாகக் கொள்ளத்தக்கது).

இங்கே ஆய்வு ஒரு வெட்கக்கேட்டைச் சந்திக்கிறது. சாளை விடியலில் வலையேறியதா, முந்தின நாள் ஐஸில் கிடந்ததா என்று செவுளைத் தூக்கிப் பார்த்தே சொல்லும் ஊர் இது. அந்த ஊர் எந்த மழைக்காலத்தில் வறுத்தது என்றே கேளாமல் காப்பித்தூளைக் கால் கிலோ கட்டச் சொல்கிறது.

மழைக்காற்றுக் கோட்பாடு

பாய்க்கப்பல் காலத்தில் மலபார்க் கொட்டை ஐரோப்பா போய்ச்சேர மாதக்கணக்காகும். வழியில் ஈரக்காற்று பட்டு வெளுத்து உப்பும். அந்தச் சுவைக்கே அங்கே நாக்கு பழகிவிட்டது. கப்பல் வேகம் கூடியதும் பழைய சுவை போயிற்று என்று குறைப்பட்டார்கள். அதனால் இன்றும் மங்களூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் பச்சைக் கொட்டையைத் தென்மேற்குப் பருவக்காற்றில் மூன்று நான்கு மாதம் பரத்திப் போடுகிறார்கள். ‘மான்சூன்டு மலபார்’ என்று புவிசார் குறியீடே உண்டு. அதே கடல், அதே காற்று இனயத்திலும் அடிக்கிறது. எனவே ஆய்வாளர் வீட்டு ஜன்னலோரம் மூடி திறந்து கிடந்த டப்பாவுக்கும் ‘இனயம் மழைக்காற்றுக் காப்பி’ என்று குறியீடு கோரலாம் என்பது இக்கட்டுரையின் தனிப்பங்களிப்பு. மங்களூர்க்காரர் காற்றுக்குக் காட்டுவது வறுக்காத கொட்டையை, டப்பாவில் இருந்ததோ வறுத்தது என்ற சிறு வேறுபாட்டை மதிப்பீட்டாளர்கள் பெரிதுபடுத்தினர். மாமியின் மதிப்புரை: “நமுத்துப் போச்சு மக்கா” (மேலது, டப்பாவை மோந்தபின், ஏடு முழுமை, சிதைவில்லை).

தருவிக்கும் முறை

1942ஆம் ஆண்டுச் சட்டம் காப்பி வாரியத்துக்குத் தந்த அதிகாரத்தால், தோட்டக்காரர் விளைச்சலை வாரியத்தின் பொதுக்கிடங்கில்தான் சேர்க்கவேண்டியிருந்தது. 1990களில் அந்தக் கட்டு படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முற்றும் அவிழ்ந்தது. ஆகவே இன்று ஏற்காட்டிலோ, கீழ்ப்பழனி மலையிலோ, சிக்கமகளூரிலோ தோட்டம் வைத்திருப்பவரிடம் நேரே கேட்கலாம். கேட்கவேண்டியது அராபிகாவா ரோபஸ்டாவா, பீபெரியா பிளாண்டேஷன் ஏ-யா என்பதை அல்ல. அவற்றை அவர்களே ஓயாமல் சொல்வார்கள். “எந்தக் கிழமை வறுப்பீங்க?” என்று கேட்கவேண்டும். செவ்வாய் என்றால் திங்கள் இரவு ஆர்டர் போடவேண்டும். தூளாக வேண்டாம், கொட்டையாக. கிலோ வேண்டாம், கால் கிலோ. வார இறுதிக்குள் வந்துவிடும். ஞாயிறு வள்ளம் இறங்காத நாள், பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், அரைக்கும் இரைச்சலுக்கு யாரும் கோபிக்கமாட்டார்கள்.

அவ்வாறு வந்த பொட்டலம் ஒன்று மாமியின் முன் வைக்கப்பட்டது. ஒட்டுச்சீட்டு கையால் மறைக்கப்பட்டிருந்தது. ஒரு கொட்டையை எடுத்து நகத்தால் அழுத்தி, மோந்து, கடித்துத் துப்பிவிட்டு, “அஞ்சு நாள்” என்றார். சீட்டும் அதையே சொன்னது. இவ்விரண்டில் எதை முதன்மைச் சான்றாகவும் எதைத் துணைமைச் சான்றாகவும் கொள்வது என்பதில் ஆய்வுக்குழு இன்னும் பிரிந்தே நிற்கிறது.