பை-ஹோல் ஸ்தல புராணம்

ஆதியில் ஒரு பட்டியல் இருந்தது. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் திருத்தலத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையார் அதற்குக் காவல். எந்தக் கணினிக்கு என்ன பெயர், என்ன எண் என்று இன்டர்நெட்டுக்கு மூத்ததான ஆர்ப்பாநெட்டின் மொத்த ஜாதகமும் அந்த ஒரே ஃபைலில். பெயர், ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி. புதுக் கணினி வந்தால் அம்மையார் ஆபீஸுக்குப் போன் போட்டுப் பதிய வேண்டும், அதுவும் ஆபீஸ் நேரத்தில். சாயங்காலம் வந்த கணினி விடியும்வரை பெயரில்லாமல் கிடக்கும். பட்டியல் பெருத்து, நகலெடுத்தே ஊர் ஓய்ந்துபோனபோது, 1983இல் பால் மோக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ்ஸைக் கட்டி பட்டியலுக்குக் காரியம் செய்துவைத்தார்.

பட்டியல் ஒழிந்தது, விளம்பரம் வந்து சேர்ந்தது. 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் தளத்தில் ஏடி அண்ட் டி ஒரு பேனரைத் தொங்கவிட்டது. அதைக்கூட மன்னிக்கலாம், தொங்கியதோடு சரி. அடுத்து வந்தவர் ட்ரைபாட் கம்பெனியின் ஈதன் சக்கர்மன். ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஏதோ சரசப் பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. கார்க்காரர்கள் குதித்தார்கள். விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறந்துவிட்டால் இரண்டு பேர் மானமும் தப்பும் என்று சக்கர்மன் யோசித்தார். பாப்-அப் அவதரித்தது. 2014இல் அட்லாண்டிக் பத்திரிகையில் மனமுருகி மன்னிப்புக் கேட்டார். அதற்குள் ஜன்னல்களை மூடி மூடி ஒரு தலைமுறைக்கே விரல் தேய்ந்திருந்தது.

அதே 2014இல் ஜேக்கப் சால்மெலா பை-ஹோலைத் தொடங்கினார். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை ஒன்றை ரௌட்டர் பக்கத்தில் வைத்து, வீட்டு டிஎன்எஸ் அதிகாரம் முழுவதையும் அதன் கையில் கொடுப்பது திட்டம். டிவியோ போனோ விளம்பரக் கம்பெனியின் முகவரியைக் கேட்டால் 0.0.0.0 என்று எங்கும் போகாத முகவரியைச் சொல்லி அனுப்பிவிடும். எது விளம்பரக் கம்பெனி என்று அதற்கு எப்படித் தெரியும்? பட்டியலை வைத்துத்தான். அதுவும் பழைய ஹோஸ்ட்ஸ் வடிவத்தில். பழைய குருடி, கதவைத் திறடி!

2020இல் வந்த ஐந்தாம் பதிப்பு பட்டியல்களை அள்ளி எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் போட்டது. இந்த எஸ்க்யூலைட்டின் பூர்வாசிரமம் போர்க்கப்பல். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப், அமெரிக்கக் கடற்படைக்காக, கப்பலில் அடிபட்டால் எந்த வால்வைத் திறப்பது, எதை மூடுவது என்று சொல்லும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த டேட்டாபேஸ் சர்வர் அவ்வப்போது படுத்துக்கொள்ளும். திட்டு விழுவதோ, எர்ரரைத் திரையில் காட்டிய ஹிப்புக்கு. சர்வரே வேண்டாம், எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும் என்று அவர் கிளம்பியதில் பிறந்தது இது. ஏவுகணை விழும் இடத்துக்காக யோசித்த சமாச்சாரத்தை நம் ஆட்கள் மலிவு எஸ்டி கார்டில் போட்டு ஷூ ரேக்குக்கு மேல் வைத்தார்கள்.

எழுதியது பத்திரமாகப் பதிந்ததா என்று டேட்டாபேஸ் கேட்கும். பதிந்துவிட்டது என்று கார்டு கூசாமல் புளுகும். யூஎஸ்பி ஸ்டிக்குகள் இந்தப் புளுகில் கைதேர்ந்தவை என்று எஸ்க்யூலைட்காரர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். டேட்டாபேஸைக் கெடுப்பது எப்படி என்று தனிப் பக்கமே போட்ட மகாத்மாக்கள். புளுகு வெளுக்க ஒரு கரண்ட் கட் போதும். கரண்ட் வந்ததும், 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட்'. கூடத்திலிருந்து, "டேய், நெட்டை என்னடா பண்ணினே?"

செத்தது எந்த ஃபைல் என்று பார்க்காமலே ஒப்பாரி வைப்பது உலக வழக்கம். பை-ஹோலின் எஃப்டிஎல் ஃபைல் என்றால் அழவே வேண்டாம். வீட்டில் யார் எத்தனை மணிக்கு எந்தத் தளத்தைக் கேட்டார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு டிவி தன் பிறந்த வீட்டுக்கு என்ன சேதி அனுப்பப் பார்த்தது என்ற கோள்மூட்டை அது. அழித்துவிட்டு சர்வீஸை மறுபடி ஓட்டினால் காலி ஃபைல் ஒன்று தானே முளைக்கும். பல வீடுகளில் குடும்ப ஒற்றுமைக்கும் நல்லது.

விளம்பரப் பட்டியல் இருக்கும் கிராவிட்டி ஃபைல் செத்தால் கொஞ்சம் அழலாம். அதிலுள்ள லட்சக்கணக்கான முகவரிகளுக்காக அல்ல, அவை திரும்ப இறங்கிவிடும். பேங்க் பக்கம் திறக்க, பாட்டியின் சீரியல் ஆப் ஓட என்று அவ்வப்போது கையால் தட்டிச் சேர்த்த விதிவிலக்குகள் இருக்கின்றனவே, அவைதான் சொத்து. டெலிபோர்ட்டர் என்று பேக்அப் எடுக்க ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கியவர் வீட்டில் கரண்டே போகாது என்பது வேறு விஷயம்.

அமுக்காதவர்களுக்கு, 2019இல் எஸ்க்யூலைட்டில் சேர்ந்த 'டாட் ரெகவர்' கட்டளை. உடைந்த ஃபைலைத் துழாவி, கிடைத்த வரிகளையெல்லாம் பொறுக்கும். எந்த டேபிளின் பிள்ளை என்று தெரியாத வரிகளை 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற டேபிளில் உட்கார்த்திவைக்கும், திருவிழாவில் தொலைந்த குழந்தைகளை மைக் செட் பந்தலில் உட்கார்த்துவதுபோல. அங்கே போய் நம் பேங்க் எது, பாட்டியின் ஆப் எது என்று முகம் பார்த்துக் கூட்டிவர வேண்டும்.

கூட்டிவந்தபின் மிச்சப் பட்டியலை இறக்க 'பை-ஹோல் மைனஸ் ஜி' என்று தட்டினால், 'டிஎன்எஸ் ரெசல்யூஷன் இஸ் கரண்ட்லி அன்அவெய்லபிள்' என்று கைவிரிக்கும். விரிக்காமல் என்ன செய்யும்? வீட்டுக்கே டிஎன்எஸ் அதுதான், ரிப்பேருக்காக அதை நிறுத்தியவரும் நீங்கள்தான். பட்டியல் இருக்கும் கிட்ஹப்பின் முகவரியை அது யாரிடம் போய்க் கேட்கும்? உடனே எல்லோரும் ஒரே வைத்தியம் சொல்வார்கள்: 'ரிசால்வ் டாட் கான்ஃப்' ஃபைலைத் திறந்து, 8.8.8.8 என்று எழுது. 2009இல் கூகுள் திறந்த இலவச டிஎன்எஸ் அது. விளம்பரம் விற்றே உலகம் ஆளும் அதே கூகுள். விளம்பரத்தை ஒழிக்கும் பட்டியல் எந்த வாசலில் கிடைக்கும் என்று கேட்டால், முகம் சுளிக்காமல் வழி சொல்லி அனுப்பிவைக்கிறது.