பெரிய இன்ஜின் அண்ணன்

ஊருக்கு ஊர் ஒரு பெரிய இன்ஜின் அண்ணன் உண்டு. கொங்குப் பக்கம் என்றால் தெருவுக்கு ஒருவர். கூப்பிடு தூரத்தில் லேத் பட்டறை, அதை ஒட்டி வெல்டிங் கடை என்று இருக்கிற சீமையில், மனுசனுக்கு ஒரு ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளக் காரணம் கிடைப்பதில்லை.

அடையாளம் சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் 12-13 ஸ்பேனர் இருக்கும். கல்யாணத்துக்குப் போனால், மணமக்களைப் பார்க்கும் முன் மண்டப வாசலில் நிற்கிற வண்டிகளின் அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். உலகத்துக் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்து. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் மேலே ஏறவில்லையா? "எச்.பி. பத்தலீங்க." மாவு அரைபடவில்லையா? "எச்.பி. பத்தலீங்க." மச்சினன் தேர்தலில் தோற்றானா? அதற்கும் அதேதான்.

எங்கள் சத்தியமங்கலத்து அண்ணனிடம் ஒரு பழைய டாடா 207 இருக்கிறது. 1988-இல் டாடாமொபைல் என்ற பெயரில் இறங்கிய பிக்கப் வகையறா. அதில் இருந்தது 483 இன்ஜின். "4 சிலிண்டருங்க, 83 மில்லிமீட்டர் போருங்க, அதனால 483. மொத்தம் 1,948 சி.சி." என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். சியராவையும் எஸ்டேட்டையும் இழுத்தது இந்த இன்ஜின்தான். 1994-இல் வந்த சுமோவில் குடும்பம் குடும்பமாக அடைந்துகொண்டு பழனிக்குப் போனார்களே, அவர்களை இழுத்ததும் இதுதான். அத்தனை பேரை இழுத்தது அண்ணனின் முட்டைக்கோசை இழுக்காதா? இழுத்தது. புகார் இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

வினை வந்தது திம்பத்தில். தாளவாடியில் கோஸ் ஏற்றப் போகிறவர் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியாக வேண்டும். ஒருநாள் ஏறும்போது, நேற்றுத்தான் வண்டி வாங்கிய பையன் ஒருவன் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போய்விட்டான். அன்றிரவு அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. தாளவாடி மலைமேல். ஏறும்போது வண்டி காலி. லோடு வருவது இறக்கத்தில். இறக்கத்தில் பாரத்தை இழுக்க வேண்டியதில்லை, பிடித்து நிறுத்த வேண்டும். ஆக அண்ணன் கவலைப்பட வேண்டியது பிரேக்கைப் பற்றி. இதை யாரோ எடுத்துச் சொன்னபோது, "பிரேக்க வெச்சு எவனையாச்சும் முந்த முடியுமாங்க?" என்று கேட்டுவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டார்.

புதுப்பேட்டையில் கழற்றிப் போட்ட இன்ஜின்கள் மலையாகக் கிடக்கும். அண்ணன் தேடியது 407 லாரியின் 497 இன்ஜின். 97 மில்லிமீட்டர் போர், 2,956 சி.சி. கிடைத்தது. கிராங்க் புல்லியைக் கையால் சுற்றிக் கம்ப்ரஷன் பார்த்தார். ஆயில் குச்சியை உருவி, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார். "டாக்டர் ஓட்டின வண்டிங்க, கை படாத இன்ஜின்" என்றார் கடைக்காரர். 407-ஐ எந்த டாக்டர் ஓட்டினார் என்று அண்ணன் கேட்கவில்லை. ஆசைப்பட்டவன் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

செயின் பிளாக்கில் தொங்கி இன்ஜின் உள்ளே உட்கார்ந்தது, மற்றதெல்லாம் எழுந்துகொண்டது. பழைய மவுண்டிங் பொருந்தவில்லை. வெட்டி வெல்டிங் வைத்தார்கள். பழைய கியர் பாக்ஸ் பெல் ஹவுசிங்கோடு சேரவில்லை. 407-இன் கியர் பாக்ஸே வந்தது. கியர் பாக்ஸ் மாறியதும் ஜாயின்ட் ஷாஃப்ட் நீளம் தப்பியது. லேத்துக்குப் போய்க் குட்டையாகித் திரும்பியது. பேலன்ஸ் பார்க்காமல் மாட்டியதில் வண்டி அருள் வந்ததுபோல் ஆடியது, திரும்பவும் லேத். ஃபேன் ரேடியேட்டரில் இடித்தது. ரேடியேட்டரை முன்னால் தள்ளினால் கிரில் மூடவில்லை. எல்லாம் மூடியபின் சூடு தாங்கவில்லை, பெரிய ரேடியேட்டர். பானட் எழும்பி நின்றது. வண்டியின் மூக்கு பாரத்தில் தரையைப் பார்த்தது. இத்தனைக்கும் பிறகு முதல் ஓட்டத்திலேயே, இரண்டு லிட்டர் இன்ஜினுக்குப் பழகியிருந்த கிரவுன் பினியன், மூன்று லிட்டர் முறுக்கைத் தாங்காமல் பல் உதிர்ந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அண்ணி அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் காபி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இதுக்கு ஒரு பழைய 407-ஐயே வாங்கியிருக்கலாமில்லீங்?"

"அது எல்லாரும் வாங்கறதாச்சே" என்றார் அண்ணன்.

இந்த ஒரு பதிலில் அவர் சாதியே அடங்கிவிட்டது. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிற இழுவை அவருக்கு இழுவையே இல்லை. முந்துகிற வண்டி வேண்டும், ஆனால் அந்த மாதிரி இன்னொன்று மாவட்டத்திலேயே இருக்கக் கூடாது.

பின்னாளில் டாடா கம்பெனியே 207 டி.ஐ. என்று இறக்கியபோது, அதிலும் 2,956 சி.சி. இன்ஜின்தான் இருந்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "எவனோ இந்தப் பக்கம் வந்து நம்ம வண்டியப் பாத்துட்டுப் போயிருக்கான்" என்று இன்றைக்கும் சொல்வார். வித்தியாசம் ஒன்றுதான். கம்பெனி கணக்குப் போட்டுவிட்டுச் செய்யும். அண்ணன் செய்துவிட்டுக் கணக்குப் போடுவார்.

எஃப்.சி. நாள் வந்தது. அண்ணன் வண்டியின் வகையறா வெளிவந்த அதே 1988-இல்தான் மோட்டார் வாகனச் சட்டமும் இயற்றப்பட்டது. அதன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்தார், எண்ணைப் பார்த்தார், ஆர்.சி.யைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"இன்ஜின மாத்தியிருக்கீங்களா?"

"இல்லீங் சார். அதே இன்ஜின்தானுங், கொஞ்சம் வளந்திருக்குதுங்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். எஃப்.சி. மட்டும் தரவில்லை.

இப்போது வண்டி மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. தாளவாடிக் கோசை, அன்று முந்திப் போன பையனே வாடகைக்கு ஏற்றி வருகிறான். சாயங்காலமானால் அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்வார். தெருவில் பாத்திரங்கள் அதிரும். "சத்தத்தக் கேளுங்க, என்ன இழுவை!" என்பார். நின்ற இடத்தில் அந்த வண்டியை வெல்ல ஆள் கிடையாது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடுராத்திரியில் யாருடைய டிராக்டர் வயலில் நின்றாலும், போன் போவது அண்ணனுக்குத்தான். டார்ச்சைக் கடித்துக்கொண்டு, சேற்றில் படுத்து, விடிவதற்குள் ஓட வைத்துவிடுவார். கூலி வாங்கமாட்டார். கிளம்பும்போது ஒரு வார்த்தை மட்டும் மெதுவாகச் சொல்வார்: "இதுக்கு இன்னுங்கொஞ்சம் பெரிய இன்ஜின் ஒண்ணு இருக்குதுங்க." அவர் கையை நம்பலாம்; அந்த யோசனையை மட்டும் நம்பக் கூடாது.

ஆகவே பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பதும் டயரை உதைத்துப் பார்ப்பதும் பிறகு இருக்கட்டும். முதலில் பானட்டைத் திறந்து இன்ஜின் எண்ணை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். எண் ஒத்துப்போகவில்லை என்றால், விற்கிறவரின் சட்டைப் பையைப் பாருங்கள். அங்கே 12-13 ஸ்பேனர் தெரிந்தால், கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு, முன்பணம் தராமல் கிளம்பிவிடுங்கள்.