மேலிடத்து உத்தரவும் கறுப்புப் பூனையும்

பிளாக் ஜாக் இறந்துவிட்டதாக அலுவலக அறிக்கை மேலிடத்துக்குப் போனபோது, ஜாக் பால் குடித்துக்கொண்டிருந்தார்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயம். இடம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம். நாட்டின் பெரிய நூலகமும் அப்போது அதற்குள்தான். ஜாக்குக்குக் கறுப்பு உடம்பு, வெள்ளை மார்பு, வெள்ளைப் பாதம், துரைமார்களே பொறாமைப்படும் மீசை. வாசகசாலை மேசைகள்மேல்தான் உட்காருவார். வெளியே போக மனசு வந்தால், படித்துக்கொண்டிருக்கும் யாராவது ஒரு பண்டிதர் எழுந்துவந்து இரட்டைக் கதவைத் திறந்து பிடிக்கவேண்டும். ஒரு கதவு போதாது, இரண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் செய்தித்தாள் அறைக்குள் கவனிக்காமல் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பொழுது போகவேண்டுமே! பைண்டு செய்த தொகுதிகளில் நகம் தீட்டினார். இதே நூலகத்தில் மார்க்ஸ் வருஷக்கணக்கில் உட்கார்ந்து முதலாளித்துவத்தைக் கிழித்தபோது பொறுத்துக்கொண்ட நிர்வாகம், அட்டை கிழிந்ததும் பொங்கி எழுந்தது. நூலகத்தில் இனி பூனை கூடாது, ஆளை அப்புறப்படுத்துங்கள் என்று உத்தரவு.

ஜாக் மாயமானார். இரண்டு ஊழியர்கள் ஒளித்துவைத்துச் சோறு போட்டார்கள். 'காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது' என்று அறிக்கை எழுதியாயிற்று. அட்டைகளை ஒட்டியாயிற்று. சில வாரம் கழித்து, காலஞ்சென்றவர் சாவகாசமாக உள்ளே நடந்துவந்தார். ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்பார்கள். இங்கே மூடிக்கொண்டது மேலிடம்.

1908-ல் ஜாக் ஒரு குட்டியைக் கவ்விவந்து எகிப்தியத் துறைத் தலைவர் வாலிஸ் பட்ஜின் காலடியில் போட்டார். பூனை மம்மிகளெல்லாம் பட்ஜின் பொறுப்பில்தான் இருந்தன. ஆள் தெரிந்துதான் போட்டிருக்கிறார்! அந்தக் குட்டிதான் மைக். 1929 வரை மியூசியத்தின் பிரதான வாசலைக் காத்தது. செத்ததும் பட்ஜ் எழுதிய இரங்கல் தனிப் பிரசுரமாகவே வந்தது.

டெக்சாஸ்காரர்கள் இந்தச் சரித்திரத்தைப் படிக்கவில்லை போலும். வொயிட் செட்டில்மென்ட் என்ற சின்ன ஊர் நூலகத்தில் எலித் தொல்லைக்காக 2010-ல் பிரவுசர் என்ற பூனையைக் கொண்டுவந்தார்கள். எலி போயிற்று. 2016 ஜூனில் நகரசபை கூடி, 2-க்கு 1 ஓட்டில், முப்பது நாளில் பூனையும் போகவேண்டும் என்றது. ஊழியர் ஒருவரின் நாய்க்குட்டிக்கு நகரசபை அலுவலகத்தில் அனுமதி மறுத்த கடுப்புதான் காரணம் என்று மேயரே போட்டு உடைத்தார். ஒவ்வாமை, பொதுச் சுகாதாரம் என்றெல்லாம் பேசியது அதற்கு மேல்பூச்சு.

உலகம் முழுவதிலுமிருந்து கண்டனம் கொட்டியது. ஜூலை 1 அன்று அதே சபை அவசரமாகக் கூடி, பூனை இருக்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. பிரவுசரை வெளியேற்ற முன்னின்ற உறுப்பினரை நவம்பர் தேர்தலில் ஊரார் வெளியேற்றினார்கள்.